கட்டிய மனைவியைப் பாவம் என்பதா?

(காரைக்காலில் நடைபெற்ற பகுத்தறிவுப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்ட விஷயம், கத்தோலிக்கக் கோவிலுக்கு வெளியே நடக்கும் திருமணத்தைப் பற்றியும், அப்படித் திருமணம் செய்துகொண்டவர்களுக்குப் பாவசங்கீர்த்தனமும் நன்மையும் மறுக்கப்படுவதைப் பற்றியும் ஆகும். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். லத்தீன் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால், ரோமாபுரிச் சபை தன்னுடைய சட்டங்களையெல்லாம் 1983-ல் திருத்தி ஒரே புத்தகமாக வெளியிட்டிருக்கிறது. அதை இப்போது எவரும் வாங்கிப் படிக்கலாம். நான் படித்தேன், படித்ததைச் சொல்லுகிறேன். சந்தேகமிருந்தால் உங்கள் பங்குச் சாமியாரிடமே அந்தப் புத்தகத்தைக் கேட்டு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக நீங்கள் எதையும் நம்ப வேண்டியதில்லை.

“புரோகிதரையும் திதியையும் திவசத்தையும் கண்டிக்கிற ஆட்கள் பாதிரியாரை மாத்திரம் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?” என்று இந்துத் தோழர்கள் கேட்பதுண்டு. “உங்கள் மதத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள், எங்கள் கோவிலில் என்ன வேலை?” என்று கிறிஸ்தவத் தோழர்கள் கேட்பதுண்டு. இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதற்கு நடுவிலே எந்தத் தரகன் வந்து நின்றாலும், அவன் பூணூல் போட்டிருந்தாலும் சரி, அங்கி போட்டிருந்தாலும் சரி, “உனக்கு இங்கே என்ன பாத்தியதை?” என்று கேட்பதுதான் நம் வேலை. இந்தக் காரைக்காலில் கோவில் மணியும், பள்ளிவாசல் பாங்கும், மாதா கோவில் மணியும் ஒரே தெருவில் காதில் விழுகின்றன. அப்படிப்பட்ட தெருவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பிக் கட்டிக் கொள்வது அதிசயமா? விரும்பாமல் இருந்தால்தான் அதிசயம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கச் சபையில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர், தாம் மணக்கும் நபர் எந்த மதமானாலும், பங்குக் குருவோ அவரிடம் அதிகாரம் பெற்றவரோ முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு சம்மதம் சொன்னால்தான் அது விவாகம் என்பது 1108-ஆவது விதி. பிற மதத்தாரை மணப்பதானால் மேற்றிராணியாரிடம் முன்கூட்டியே விலக்கு உத்தரவு வாங்க வேண்டும். இவை எதுவுமில்லாமல் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டால், சபையின் கணக்கில் அது குறையுள்ள விவாகம்கூட அல்ல; விவாகமே நடக்கவில்லை என்பதுதான் கணக்கு. விவாகம் நடக்காதபோது புருஷன் பெண்சாதியாக வாழ்வது என்ன? அது சாவான பாவம். சாவான பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது என்பது 916-ஆவது விதி. வெளிப்படையான பெரும் பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்பவருக்கு நன்மை கொடுக்கக் கூடாது என்று சாமியாருக்குச் சொல்லுவது 915-ஆவது விதி.

இதே புத்தகத்தில் இன்னொரு பக்கம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய், ஒரு தடவையாவது நன்மை வாங்கு என்று கட்டளை இருக்கிறது. அது 1215-ல் லாத்தரான் சங்கத்தில் போட்ட கட்டளை. வா என்றும் சட்டம், வராதே என்றும் சட்டம்! நடுவில் அகப்பட்டுக் கொண்டவர்கள் யார் என்றால் நம் பெண்கள்.

இனி இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். இரண்டு இந்துக்கள் அய்யரை வைத்துக் கலியாணம் செய்தாலும், பதிவு ஆபீசில் செய்தாலும், அது நல்ல விவாகம் என்று ரோமாபுரி ஒப்புக்கொள்ளுகிறது. இரண்டு முஸ்லிம்களின் நிக்காஹும் விவாகந்தான். புராட்டஸ்டண்டுக்காரர் இருவர் தங்கள் கோவிலில் கட்டிக் கொண்டால் அது தேவதிரவிய அனுமானம் என்றுகூடச் சொல்லுகிறார்கள். ஆனால் கத்தோலிக்கர் மாத்திரம் சர்க்கார் பதிவில் கட்டிக்கொண்டால் அது ஒன்றுமே இல்லை! அதாவது, சாமியை நம்பாதவன் கலியாணம் செல்லும். சாமியை நம்புகிறவன் கலியாணம் செல்லாது. நம்பிக்கை உள்ளவனுக்குக் கிடைத்த சம்மானம் இதுதான்.

“நான் மதத்தை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது, என்னை இது என்ன செய்யும்?” என்று ஒரு தோழர் கேட்டார். 1983-ஆம் வருஷத்துப் புத்தகத்தில், முறைப்படி சபையை விட்டு விலகியவருக்கு இந்த விதி பொருந்தாது என்று ஒரு வழி இருந்தது. 2009-ல் பாப்பரசர் அந்த வாசகத்தை எடுத்துவிட்டார். ஆகவே, நீங்கள் தொட்டிலில் கிடந்தபோது உங்கள் தலையில் ஊற்றிய தண்ணீர், நீங்கள் நாத்திகர் ஆன பிறகும் காயாது. நமக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் நம் வீட்டுக் கிழவிகளுக்கு உண்டு. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

இந்த விதி ஆதியிலேயே ஆண்டவர் கொடுத்ததா என்று பார்த்தால், அதுவும் இல்லை. முதல் ஆயிரத்தைந்நூறு வருஷ காலம், ஆணும் பெண்ணும் மனப்பூர்வமாகச் சம்மதித்தால் போதும், விவாகம் செல்லும் என்பதே ரோமாபுரியின் நிலை. சாமியார் இல்லாமல் கட்டிக் கொள்வது தப்பு என்று கண்டிப்பார்களே தவிர, கட்டியது கட்டியதுதான். பிறகு 1563-ல் திரெந்து சங்கத்தில்தான் சாமியாரும் சாட்சியும் இல்லாவிட்டால் செல்லாது என்று தீர்மானம் போட்டார்கள். அதுவும் அந்தத் தீர்மானத்தைப் படித்து வெளியிட்ட பங்குகளில் மாத்திரந்தான் அமுல். வெளியிடாத தேசங்களில் பழையபடியே நடந்துகொண்டிருந்தது. உலகம் பூராவுக்கும் ஒரே மாதிரி என்று வந்தது 1908-ல், பத்தாம் பத்திநாதர் பாப்பரசராக இருந்த காலத்தில்.

1563-ல் ஏன் அப்படிப் போட்டார்கள்? காரணம் நல்ல காரணம். அதை மறைப்பது யோக்கியமல்ல. அக்காலத்தில் ஒருவன் ஒரு பெண்ணை இரகசியமாகக் கட்டிக்கொண்டு, பிள்ளையும் கொடுத்துவிட்டு, பிறகு “நான் இவளைக் கட்டவே இல்லை” என்று சாதித்துவிட்டு வேறொருத்தியை ஊரறியக் கோவிலில் கட்டிக்கொள்வான். முதல் பெண்ணுக்குச் சாட்சி ஏது? எழுத்து ஏது? அந்த அக்கிரமத்தைத் தடுக்கவே சாட்சி வேண்டும், புத்தகத்தில் எழுத வேண்டும், மூன்று முறை ஓலை வாசிக்க வேண்டும் என்றெல்லாம் ஏற்பாடு செய்தார்கள். அந்தக் காலத்தில் எழுதத் தெரிந்தவனும் புத்தகம் வைத்திருந்தவனும் சாமியார்தான். ஆகவே சாமியார் அங்கே வந்தது மந்திரத்துக்கு என்பதைவிட ரிஜிஸ்டருக்கு என்றே சொல்லலாம்.

இப்போது அந்த வேலையைச் சர்க்கார் செய்கிறது. முப்பது நாள் விளம்பரம் போடுகிறது, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறது, சான்றிதழ் கொடுக்கிறது. கட்டினவன் கோர்ட்டிலே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோவிலிலே சொல்லலாம்! எப்படி எனில், கத்தோலிக்க ஆண் ஒருவன் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஐந்து வருஷம் வாழ்ந்து, பிறகு சர்க்கார் கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டு கோவிலுக்குப் போனால், அவன் அங்கே கலியாணம் ஆகாத பையன். முதலில் நடந்தது விவாகமே அல்லவே! முந்திய பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டிய கடமை பாக்கியிருந்தால் மேற்றிராணியார் அனுமதி வேண்டும் என்று 1071-ஆவது விதி சொல்லுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அனுமதி கிடைத்தால் பீடத்தின் முன் மாலையும் கழுத்துமாக நிற்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்மையும் வாங்கலாம். அதே சமயம், பதிவில் கட்டிய மனைவியை விட்டு ஒரு நாளும் பிரியாமல், அவள் காய்ச்சலில் படுத்தால் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற புருஷனுக்கு நன்மை கிடையாது. கைவிட்டவனுக்கு உண்டு, கைவிடாதவனுக்கு இல்லை! கைவிடப்பட்ட பெண்ணைக் காப்பாற்ற உண்டாக்கிய விதி, கைவிடுகிறவனுக்குக் கதவு திறந்துவிடுகிற விதியாகிவிட்டது. இதைவிட ஒரு சட்டம் தலைகீழாக நிற்க முடியுமா?

பாவசங்கீர்த்தனத்தின் சங்கதி இன்னும் மோசம். பாவத்தைச் சொன்னால் மாத்திரம் போதாது. அதற்காக மனஸ்தாபப்பட வேண்டும். இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்ய வேண்டும். அப்போதுதான் பாவப் பொறுத்தல். திருடினவன் திருடினேன் என்று சொல்லி மனஸ்தாபப்படுகிறான், சாமியார் மன்னிக்கிறார். கள் குடித்துப் பெண்சாதியை அடித்தவன் சொல்லுகிறான், மன்னிக்கிறார். அவன் மறுபடி அடித்துவிட்டு மறுபடி போனாலும் மன்னிப்பு உண்டு. பதிவுத் திருமணம் செய்த பெண் போய் முழங்காலில் நின்றால் அவள் எதற்கு மனஸ்தாபப்படுவது? தன் புருஷனுக்கு! இனிச் செய்வதில்லை என்று எதைச் சொல்லுவது? அவனோடு வாழ்வதை! பிரிந்து போகவேண்டும், அல்லது கோவிலில் கட்டிக்கொள்ள வேண்டும், முந்திய கோவில் கலியாணம் ஒன்று குறுக்கே நின்று, பிள்ளைகளுக்காகப் பிரியவும் முடியாதென்றால், ஒரே வீட்டில் அண்ணன் தங்கையாக இருக்க வேண்டும் என்று 1981-ல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எழுதிய நிருபத்தில் கண்டிருக்கிறது. தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். அடிக்கிற புருஷனோடு கோவிலில் கட்டப்பட்டவள் சுத்தமானவள். அன்பான புருஷனோடு பதிவு ஆபீசில் கட்டப்பட்டவள் பாவி. இது உங்கள் புத்திக்கு ஒத்துக்கொள்கிறதா?

2016-ல் பிரான்சிஸ் பாப்பரசர், விவாகரத்துச் செய்து மறுமணம் செய்தவர்களில் சிலருக்குச் சந்தர்ப்பத்தைப் பார்த்துத் தேவதிரவிய அனுமானங்களின் உதவியும் கிடைக்கலாம் என்று ஒரு அடிக்குறிப்பில் எழுதினார். அந்த அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு கர்தினால்மார் ஒருவரோடொருவர் சண்டை போட்டதை உலகமே பார்த்தது. மோட்சத்துக்குப் போகிற வழி ஒரு அடிக்குறிப்பில் தொங்குகிறது!

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்து 1954 நவம்பர் 1-ந்தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்த ஊர். அந்தப் பிரெஞ்சுக்காரன் தன் சொந்த தேசத்தில் 1792-லேயே விவாகத்தைச் சாமியார் கையிலிருந்து பிடுங்கி முனிசிபல் ஆபீசில் வைத்துவிட்டான். 1802-ல் சபையோடு சமாதானம் செய்துகொண்டபோதுகூட, சர்க்கார் விவாகம் முடிந்த பிறகுதான் கோவில் ஆசீர்வாதம் என்று சட்டம் போட்டான். முந்தி ஆசீர்வதிக்கிற பாதிரியாருக்குத் தண்டனை என்று 1810-ஆம் வருஷத்துக் கிரிமினல் சட்டத்தில் எழுதினான். நம்மவர்களுக்கு 1881-ல் ஒரு உத்தரவு வந்தது. வேண்டியவர்கள் தங்கள் ஜாதி, மத வழக்கத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்றது. அப்படி ஏற்றுக்கொண்டவர்களைத்தான் ரெனோன்சான் என்கிறோம். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். சொல்தா பென்ஷன் வாங்குகிற வீடுகளில் கேட்டுப்பாருங்கள். மேரியிலே எழுதாத கலியாணத்தைக் கலியாணம் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். இந்துத் திருமணச் சட்டமும் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று இந்திய சர்க்கார் அந்தச் சட்டங்களிலேயே எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே நம் ஊரில் இரண்டு மேரி உண்டு. ஒன்று கோவிலில் இருக்கிற மேரி. மற்றொன்று கடுதாசி கொடுக்கிற மேரி. (சிரிப்பு). பென்ஷன் கொடுப்பது, சொத்துக் கொடுப்பது, பிள்ளைக்குத் தகப்பன் பேர் கொடுப்பது எல்லாம் இரண்டாவது மேரிதான். இதை நம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாகிவிட்டது. சபைக் கோர்ட்டார் ஒரு விவாகத்தை ரத்து செய்தாலும் அது சர்க்கார் சட்டத்தில் செல்லாது என்று 1996-ல் ஒரு கேரளத்து வழக்கில் தீர்ப்பு. அந்த ரத்துக்குச் சட்டபலம் வேண்டுமென்று போட்ட மனுவும் 2017-ல் தள்ளுபடி.

அப்படியானால் பயம் எங்கே இருக்கிறது? சட்டத்தில் இல்லை. வரிசையில் இருக்கிறது. பூசையில் நன்மைக்கு எல்லாரும் எழுந்து வரிசையாகப் போகும்போது, ஒருத்தி மாத்திரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தால் போதும். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் தாய் மகள் வீட்டுக்குப் போவதில்லை. தகப்பன் பேரனைத் தூக்குவதில்லை.

இத்தாலி தேசத்தில் பிராத்தோ என்று ஒரு ஊர். 1956 ஆகஸ்டில் அவ்வூர்க் கடைக்காரர் ஒருவர் தாம் விரும்பிய பெண்ணைச் சர்க்கார் முறைப்படி மாத்திரம் மணந்தார். அவ்வூர் மேற்றிராணியார் ஃபியோர்தெல்லி என்பவர் கடிதம் எழுதி, அந்தத் தம்பதிகள் பகிரங்க வைப்பாட்டி வாழ்க்கை வாழும் பாவிகள் என்று கோவிலில் வாசிக்கச் செய்தார். அவர்களுக்கு மாத்திரமல்ல, அவர்களைப் பெற்றவர்கள் வீட்டுக்கும் பாஸ்குக் கால ஆசீர்வாதம் நிறுத்தப்பட்டது. கடைக்குப் போகிறவர் குறைந்தார்கள். தம்பதிகள் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். 1958 மார்ச்சில் கோர்ட்டு மேற்றிராணியாருக்கு 40,000 லீரா அபராதம் விதித்தது. பாப்பரசர் துக்கம் கொண்டாடினார். அதே வருஷம் அப்பீலில் மேற்றிராணியார் விடுதலையானார் என்பதும் உண்மை. ஆனாலும், சர்க்கார் எழுதிய மனைவியை வைப்பாட்டி என்று சொன்னதற்காக ஒரு மேற்றிராணியார் இத்தாலி தேசத்திலேயே பதில் சொல்ல வேண்டி வந்ததே, அது சின்ன விஷயமா?

எது வெளிப்படையான பாவம் என்பதைச் சபையார் எப்படிப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ல் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். புதுச்சேரிச் சம்பாக் கோவிலுக்குள்ளே, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் ஜாதிக் கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. நம் காரைக்காலிலிருந்து போன ஒரு பாதிரியார் அதைப் பார்த்துச் சகிக்காமல் தூண்டிவிட, ஒதுக்கப்பட்டவர்கள் பெரிய சாமியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. அந்தப் பாதிரியாருக்கு நம் வணக்கம். சுவர் போயிற்று, ஆனால் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில் ஜாதி போயிற்றா? சபைச் சட்டத்தில் விவாகத்துக்கு ஜாதி ஒரு தடை அல்ல. ஆனாலும், “அந்த ஜாதிப் பையன் வேண்டாம்” என்று ஊரறிய மகளைத் தடுத்த கத்தோலிக்கத் தகப்பனுக்கு எந்தச் சாமியாராவது 915-ஆவது விதியைக் காட்டி நன்மை மறுத்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவன் முதல் வரிசையில் போய் வாங்குகிறான். அவனுக்குப் பயந்து ஓடிப்போய்ப் பதிவு செய்துகொண்ட மகள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

விதிகள் கல்லில் எழுதியவை அல்ல என்பதற்கு இன்னும் ஒன்று. 1917-ஆம் வருஷத்துச் சட்டப் புத்தகத்தில், வேறு மதப் போதகர் முன் கட்டிக்கொண்ட கத்தோலிக்கருக்குச் சபை நீக்கம் என்று இருந்தது; 1983-ஆம் வருஷத்துப் புத்தகத்தில் அது இல்லை. இப்போதும், ஒரு மாத காலத்துக்குச் சாமியார் கிடைக்கவே மாட்டார் என்று தெரிந்தால், இரண்டு சாட்சிகள் முன் சம்மதம் சொன்னால் போதும், விவாகம் செல்லும் என்பது 1116-ஆவது விதி. சாமியார் இல்லாத ஊரில் ஆண்டவர் ஒப்புக்கொள்கிறார். சாமியார் இருக்கும் ஊரில் ஒப்புக்கொள்ள மாட்டார்! இதெல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது: வேரோடு செம்மைப்படுத்துவது. நடந்த விவாகத்தை மேற்றிராணியார் கடுதாசி மூலமாகப் பழைய தேதியிலிருந்தே செல்லும்படி செய்யலாம். மறுபடி தாலி கட்ட வேண்டியதில்லை, சம்மதம் சொல்ல வேண்டியதில்லை. தம்பதிகள் இரண்டு பேருக்கும் தெரியாமலேகூடச் செய்யலாம் என்று 1164-ஆவது விதி. பத்து வருஷப் பாவம் ஒரு கையெழுத்தில் பத்து வருஷப் புண்ணியமாகிவிடும். கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பது நீங்கள் குடியிருக்கும் தெருவைப் பொறுத்தது. காரைக்கால் என்றால் புதுச்சேரி அதிமேற்றிராணியார். வாஞ்சூரைத் தாண்டி நாகூர் என்றால் தஞ்சாவூர் மேற்றிராணியார்.

துண்டுச் சீட்டுகள் வந்திருக்கின்றன. நேரமாகிவிட்டதால் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

“நம் மேடையில் மாலை மாற்றிக்கொண்டால் போதாதா, பதிவு எதற்கு?” என்று ஒருவர் கேட்கிறார். தோழரே, போதாது. மாலை மாற்றினாலே செல்லும் என்று 1967-ல் தமிழ்நாட்டிலும், 1971-ல் புதுச்சேரியிலும் செய்த சட்டத் திருத்தம், இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். ஒருவர் கிறிஸ்தவரானால் 1954-ஆம் வருஷத்துத் தனித் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18. நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருந்து, 3 சாட்சிகளோடு போங்கள். மேடை உற்சாகத்தில் பதிவை மறந்துவிட்டால், நாளைக்கு அந்தப் பெண்ணைக் கைவிடுகிறவனுக்கு நாமே வழிசெய்தவர்கள் ஆவோம்.

“பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்களாமே?” என்று ஒரு சீட்டு. தாய் தகப்பனில் ஒருவர் சம்மதமும், கத்தோலிக்கனாக வளரும் என்ற நம்பிக்கையும் இருந்தால் கொடுக்கலாம் என்பது 868-ஆவது விதி. பெற்றவர் கோவிலில் கட்டியிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. பிள்ளை வளர்ந்து தானே யோசித்துத் தீர்மானிக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். அது உங்கள் இஷ்டம்.

கடைசிச் சீட்டு ஒரு தாயாருடையது. மகள் போன வருஷம் பதிவு செய்துகொண்டாளாம். அவளை வீட்டில் சேர்த்தால் தமக்கு நன்மை இல்லை என்று பக்கத்து வீட்டார் சொல்லுகிறார்களாம். சேர்க்கலாமா என்று கேட்கிறார். அம்மா, அந்தப் புத்தகத்தில் மொத்தம் 1752 விதிகள் இருக்கின்றன. மகள் பதிவு ஆபீசில் கட்டிக்கொண்டதற்காகத் தாய்க்கு நன்மை மறுக்கச் சொல்லும் விதி அதில் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்து வீட்டாரை அந்த விதியின் நம்பரைச் சொல்லச் சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படும்போது, மகளையும் மருமகனையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டுப் போங்கள்.